கெட்டுப்போகாத பர்கர்

"காணாமப்போன புள்ளைய நெனச்சி என் தம்பி ஒரு வேள சோறு ஒழுங்கா துன்றதில்ல. அவன் பொண்டாட்டி என்னடான்னா வெள்ளிக்கிழமையானா திருப்பதி பஸ் ஏறிக்கினு பர்கர் துன்னப் போறா. கோயிலுக்குன்னு பேரு."

தேவயானி இதைப் பால் வாங்குகிற இடத்தில் சொன்னபோது, நகரியில் எங்கள் தெருவே வாயில் கை வைத்தது. பின்னே? பர்கர் என்றாலே அந்தத் தம்பி பெண்டாட்டி அகிலாவின் வீட்டு ஷோகேஸ்தான் எங்களுக்கு ஞாபகம் வரும்.

அகிலாவின் மகன் தருண் ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். ஒருநாள் வரும்போது ஆசையாக ஒரு பர்கர் வாங்கி வந்தான். அன்றைக்கென்று பார்த்து விசைத்தறிக்கு நூல் வராமல் அப்பா அண்ணாதுரை கடுப்பில் இருந்தார்.

"இங்க சோத்துக்கே லாட்டரி. தொரைக்கு இது கேக்குதா?" என்று கை நீட்டிவிட்டார்.

தோளுக்கு மேல் வளர்ந்த பையன். ரோஷம் இருக்காதா?

"எடுத்து வைம்மா, அப்புறம் வந்து துன்றேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனவன் போனவன்தான். போன் ஸ்விட்ச் ஆஃப். போலீசில் எழுதிக் கொடுத்தார்கள். ஒன்றும் ஆகவில்லை.

அண்ணாதுரை அந்தப் பொட்டலத்தை ஷோகேஸில் வைத்தார். தொடப் போன அகிலாவையும் விடவில்லை.

"இது கெடாம இருக்குற வரைக்கும் என் புள்ள எங்கியோ நல்லா இருக்கான். கெட்டுப்போச்சின்னா அவன் இல்ல. அப்புறம் நானும் இருக்க மாட்டேன், பாத்துக்கோ."

துக்கத்தில் உளறுகிறார் என்றுதான் நினைத்தோம். ஆனால் மாசக்கணக்காகியும் அது கெடவேயில்லை. காகிதம்தான் கசங்கிப் பழசாச்சு. பன் மெத்துமெத்தென்று அப்படியே இருந்தது.

அவ்வளவுதான், வீடு மியூசியமாகிவிட்டது. புத்தூரிலிருந்தெல்லாம் வந்து போனில் படம் பிடித்தார்கள். "நிஜமேனா அண்ணா?" என்று தெலுங்கில் கேட்டு வாயைப் பிளந்தார்கள். சயின்ஸ் வாத்தியார் சுரேஷ்பாபு ஸ்கூல் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டி வந்து, "எல்லாம் கெமிக்கல். உள்ள போனா உங்க வயிறு என்னாவும், யோசிங்க" என்று பாடமே நடத்தினார். பர்கரைப் பற்றிக் கேட்காத கேள்வி இல்லை. பையனைப் பற்றி ஒருத்தர் கேட்கவில்லை.

அண்ணாதுரை எல்லாருக்கும் பொறுமையாகக் காட்டுவார். காட்டிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

அந்த மனுஷனை அப்படி விட்டுவிட்டுப் பெண்டாட்டி பர்கர் தின்னப் போனால் நாத்தனாருக்குப் பற்றிக்கொண்டு வராதா?

அடுத்த வெள்ளிக்கிழமை தேவயானியும் பின்னாலேயே திருப்பதி போனாள். பர்கர் கடையிலிருந்து அகிலா இரண்டு பொட்டலத்தோடு வெளியே வந்தாள். தேவயானி வழிமறித்தாள்.

"ஒண்ணு பத்தலியா உனக்கு? தூ, நீயெல்லாம் ஒரு பொம்பள."

அகிலா நாத்தனாரின் கையைப் பிடித்துக் கோயில் குளத்துப் பக்கம் கூட்டிப் போனாள். ஆள் இல்லாத இடமாகப் பார்த்து உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"தருண் வாங்கினு வந்தது ஒரு வாரத்துலயே பூஞ்ச புடிச்சி நாறிடுச்சி அண்ணி. அவரு அதப் பாத்திருந்தா அன்னிக்கே எதையாச்சும் குடிச்சிருப்பாரு. அவரு குளிக்கப் போற நேரமா பாத்து வாரா வாரம் புதுசு மாத்தி வெச்சிடறேன். காயிதம் மட்டும்தான் புள்ள வாங்கினு வந்தது."

தேவயானிக்கு ஊரெல்லாம் இவளைப் பற்றிச் சொல்லி வைத்ததை நினைத்துக் கண் கலங்கிவிட்டது.

"இத்தன நாளு இத மனசுல வெச்சிக்கினு எப்படிடி இருந்த?" என்று அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அப்புறம் இரண்டாவது பொட்டலத்தைப் பார்த்தாள். "அது உனக்கா? பரவால்ல, துன்னு. நானும் கூடவே இருக்கேன்."

"எனக்கு இல்ல அண்ணி. இன்னிக்கு அமாவாச."

அகிலா அந்தப் பொட்டலத்தைப் பிரித்தாள். பர்கரைப் பிட்டு ஒரு இலையில் போட்டுக் குளத்து மதில்மேல் வைத்தாள். சுற்றித் தண்ணீர் தெளித்துவிட்டுக் காக்காவைக் கூப்பிட ஆரம்பித்தாள்.

தேவயானி பதறி எழுந்தாள்.

"போலீஸ்ல கூப்ட்டுக் காட்டுனப்ப நான் மட்டும்தான் போய்ப் பாத்தேன்" என்றாள் அகிலா. "உங்க தம்பிக்குத் தெரிய வேணாம் அண்ணி."