ரெண்டு சாண் கூடுதல்

"தப்பா எடுத்துக்காதேம்மா. போர்வை அழகாத்தான் இருக்கு. ஆனா உனக்கு அளவு எடுக்கவே தெரியலையே!"

லாட்ஜ்காரர் இஞ்சு டேப்பை மறுபடியும் இழுத்துப் பார்த்தார். சந்தேகமே இல்லை. கட்டிலில் விரித்திருந்த ஒட்டுப் போர்வை, கடையில் விற்கிற போர்வையைவிட இரண்டு சாண் நீளம்.

தையல்காரி போர்வையின் சுருக்கத்தை நீவி விட்டாள். தையல் கடைகளில் கூட்டித் தள்ளுகிற வெட்டுத்துணியை மூட்டையாக வாங்கி வந்து, நிறம் பிரித்து, கனம் பிரித்து, துண்டோடு துண்டு சேர்த்து அவள் தைத்த போர்வைகள் அந்தத் தெருவில் பாதி வீடுகளில் இருக்கின்றன. அடித்துத் துவைத்துத் துணி நைந்திருக்கிறதே தவிர, அவள் போட்ட தையல் எங்கும் விட்டதில்லை. அவளைப் பார்த்து அளவு தெரியாதவள் என்று சொல்ல இன்றைக்குத்தான் ஓர் ஆள் வந்திருக்கிறார்.

அவரைக் கூட்டி வந்த எதிர்வீட்டு இஸ்திரிக்காரிக்கு முகம் சுண்டிப் போயிற்று. லாட்ஜ் விரிப்புகளுக்கெல்லாம் அவள்தான் இஸ்திரி. "எங்க தெருவுல ஒருத்தி இருக்கா, அவ கையே தனி" என்று புகழ்ந்து புகழ்ந்து, லாட்ஜ் முழுவதற்கும் போர்வை தைக்கிற ஆர்டரை இந்த வாசல் வரைக்கும் இழுத்து வந்தவள் அவள்.

"ஏண்டி, காட்டுறதுக்கு வேற ஒண்ணும் இல்லையா?"

"எல்லாம் வித்துப் போச்சுக்கா. இது நேத்துதான் முடிச்சேன். இது விக்கிறதுக்கில்ல."

"பின்னே யாருக்..." என்று ஆரம்பித்த இஸ்திரிக்காரி, யாருக்கென்று புரிந்து எதையோ சொல்ல வாயெடுத்தாள். தையல்காரி பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டாள்.

"யாருக்கா இருந்தா என்ன? யானைக்குத் தைச்ச மாதிரி இருக்கு," என்று சிரித்தபடி திரும்பிய லாட்ஜ்காரரின் முழங்கால், கட்டிலின் கால்மாட்டில் போட்டிருந்த ஸ்டூலில் இடித்தது. அதன்மேல் ஒரு தலையணை வேறு.

"இதை யாரு இங்க போட்டது? தலையணையைக் கால்மாட்டுலயா வைப்பாங்க?"

"இருக்கட்டும் சார்."

முழங்காலைத் தேய்த்துக்கொண்டே அவர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். கொல்லைக் கொடியில் ஒரு நீல வேலைப் பேண்ட் காய்ந்தது. இரண்டு கால்களின் அடியிலும் வேறு நீலத்தில் ஒரு பட்டைத்துணி.

"அதுவும் உன் கைவேலைதானா?"

"ஆமா."

"குட்டையா வெட்டிட்டு, அப்புறம் அடியில ஒட்டுப் போட்டிருக்கே! போர்வைன்னா நீளம், பேண்ட்டுன்னா குட்டை. நல்லா இருக்கும்மா உன் கணக்கு!"

தையல்காரிக்குக் காது சுட்டது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்த மனிதர் வாயடைத்துப் போவார். ஆனால் அந்த வார்த்தையை வெளியாள் யாரிடமும் சொல்வதில்லை என்று அவள் சத்தியம் செய்து கொடுத்திருந்தாள். ஆர்டருக்காக அதை விற்கவா?

லாட்ஜ்காரர் போர்வையின் மூலையைத் திருப்பி, உள்பக்கத் தையலை நகத்தால் நெருடிப் பார்த்தார். கொஞ்சம் இறங்கி வந்தார்.

"தையல் என்னமோ இரும்புதான். சரி, ஒண்ணு செய். என் கண்ணு முன்னால இந்த ரெண்டு சாணை வெட்டி, ஓரம் அடிச்சுக் காட்டு. ஆர்டரை உனக்கே தர்றேன்."

இஸ்திரிக்காரி பாய்ந்து போய்க் கத்தரியை எடுத்து அவள் கையில் திணித்தாள். "வெட்டுடி. இதுக்குப் பதிலா இன்னொண்ணு தைச்சுக்கலாம். கூரை ஒழுகுதுன்னு போன வாரம்தானே புலம்பினே? ஆர்டர் வாசலுக்கு வந்திருக்கு. விட்டுடாதே."

தையல்காரி கத்தரியைப் பார்த்தாள். போர்வையைப் பார்த்தாள். கத்தரியைக் கட்டில் மேல் வைத்தாள்.

"எனக்கு அளவு தெரியாதுன்னே வச்சுக்குங்க சார். இதுல கத்தரி படாது."

"இவ்வளவு வீம்பு ஆகாதும்மா," என்று லாட்ஜ்காரர் டேப்பைச் சுருட்ட ஆரம்பித்தார்.

வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது. தையல்காரியின் மகள். கிடங்கில் பஞ்சு மூட்டை அடுக்குகிறவள், ஷிஃப்ட் முடிந்து வந்துவிட்டாள். அந்நியர் யாரையாவது கண்டால் தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு, சுவரோரமாக நழுவி உள்ளறைக்குப் போய்விடுவது அவள் வழக்கம். இன்றும் அப்படித்தான் குனிந்தபடி உள்ளே வந்தாள். டேப்பைப் பார்த்தாள், கத்தரியைப் பார்த்தாள், அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். நின்றுவிட்டாள்.

"வெட்டச் சொன்னாராம்மா?"

"நீ உள்ள போடி."

"என்கிட்டதானே சத்தியம் பண்ணினே? நானே முறிச்சுக்கிறேன், விடு."

போர்வையை எடுத்து, ஒரு முனையை முக்காடு போலத் தலையில் போட்டுக்கொண்டு அவள் மெல்ல நிமிர்ந்தாள். நிமிர்ந்தாள், இன்னும் நிமிர்ந்தாள். கூரையிலிருந்து தொங்கிய பல்பு அவள் நெற்றியில் இடித்து ஆடியது. லாட்ஜ்காரரின் பார்வை மேலே மேலே போக, முகம் அண்ணாந்து நின்றது. போர்வையின் மறுமுனை அவள் குதிகாலைத் தொட்டு நின்றது, ஒரு விரல்கடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"எங்கம்மாவுக்கு அளவு தப்பாது சார். உங்க கட்டில் அளவைச் சொல்லிட்டுப் போங்க."

லாட்ஜ்காரர் கால்மாட்டு ஸ்டூலை ஒருமுறை பார்த்துவிட்டு, "ஆர்டர் உனக்குத்தாம்மா. நீயே வந்து அளந்துக்கோ" என்று சுருட்டிய டேப்பைத் தையல்காரியிடம் நீட்டினார். அவளுக்கு அதை வாங்கக்கூடத் தோன்றவில்லை. மகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றதில் அவளுக்குக் கழுத்து வலித்தது. வலிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.