புல் முடிச்சு

இரண்டு தண்ணீர் கேன்களையும் சுமந்துகொண்டு மேடேறி வந்த மூக்கன் அப்படியே நின்றுவிட்டான்.

ஓடையோரச் சரிவில் இருக்க வேண்டியவர்கள் இந்தச் சரிவில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"அங்க ஒரே வழுக்கலா இருக்குதுண்ணா. அதான் இங்கயே ஆரம்பிச்சிட்டோம்" என்றாள் பாரதி, கையுறையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே.

காட்டைக் காப்பாற்றவென்று ஒரு தொண்டு அமைப்பை நடத்துகிறவள் அவள். ஞாயிற்றுக்கிழமையானால் கச்சிராயபாளையத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்து, பத்துப் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு கரியாலூருக்கு வந்துவிடுவாள். கூலி கேட்காத கூட்டம். மலையை மூடிக் கிடக்கும் உண்ணிச்செடியைப் பிடுங்கினால் புல் வரும், புல் வந்தால் மான் வரும் என்று நம்புகிற கூட்டம்.

அவர்களுக்கு வழி காட்டுவது மூக்கன். மத்தியானச் சோறு அவன் மனைவி ராணியம்மாள் பொறுப்பு. அவர்கள் கொடுத்த பச்சைத் தொப்பியைத் தூங்கும்போதும் கழற்றமாட்டான் என்று ஊரில் அவனைக் கேலி செய்வார்கள்.

அந்தத் தொப்பிக்காரன்தான் நேற்றுச் சாயங்காலம் இந்தச் சரிவில் ஐந்து அவுட்டுக்காய் வைத்திருந்தான்.

மூன்று நாளாக அவனுடைய மரவள்ளியைப் பன்றி கிளறிப் போட்டிருந்தது. வயிறு எரிந்தது, வைத்துவிட்டான். தீனி உருண்டைக்குள் வெடிமருந்து. கடித்தால் வெடிக்கும், கத்தி பட்டால் வெடிக்கும், கனல் பட்டாலும் வெடிக்கும். பன்றி யார், பாரதி யார் என்று அதற்குத் தெரியாது.

நரி இழுத்துக்கொண்டு போகாமலிருக்க, உருண்டையைச் செடியின் அடித்தூரில் நாரால் கட்டி மண்ணைப் பூசிவிடுவார்கள். பார்த்தால் வேர்முண்டு என்றுதான் தோன்றும். வைத்தவனே மறந்துபோய் மிதித்துவிடக் கூடாதே என்று, மேலே கிளையில் ஒரு புல்லை முடிந்து வைப்பார்கள். அந்த முடிச்சு வைத்தவன் கண்ணுக்கு மட்டுமே தெரியும்.

எல்லோரும் ஓடைப் பக்கம் போனதும் வந்து அவிழ்த்துவிடலாம் என்றிருந்தான். தண்ணீருக்குப் போய்வந்த அரை மணி நேரத்தில் இப்படி ஆகிவிட்டது.

சொல்லிவிடலாமா?

சொன்னால் கேஸ் வரும். தொப்பி போகும். அதுகூடப் பரவாயில்லை. மலையில் யாரை நம்பாவிட்டாலும் மூக்கண்ணனை நம்பலாம் என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவள் இந்தப் பாரதி. அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

"கொஞ்சம் நில்லுங்க. விரியன் கெடக்கிற எடம் இது. நான் பாத்துட்டு வரேன்."

பொய் தயாராக வாயில் இருந்தது. சொன்னதும் எல்லோரும் நின்றுவிட்டார்கள். அவ்வளவு நம்பிக்கை. மூக்கனுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

கோலால் புதரைத் தட்டுவதுபோலப் பாவனை செய்துகொண்டே போனான். முதல் முடிச்சு. குனிந்து, நாரை அவிழ்த்து, உருண்டையைத் துண்டில் சுற்றித் தோள்பைக்குள் வைத்தான். இரண்டாவது. மூன்றாவது. நான்காவது.

பை இடுப்பில் உரசியது. ஒவ்வொரு அடியையும் யோசித்து வைத்தான்.

ஐந்தாவது, பாறைக்குக் கீழே இருந்த காய்ந்த புதரில்.

பாறை இருந்தது. புதர் இல்லை. அது நின்ற இடத்தில் வேரோடு பிடுங்கிய குழி, ஈரச் செம்மண்ணோடு கிடந்தது.

பத்தடி தள்ளி, பிடுங்கிய செடிகளெல்லாம் முழங்காலளவு குவிந்திருந்தன. அந்தக் குவியல்மேல் ஒரு காலை ஊன்றி நின்றாள் சங்கவி. நைனார்பாளையத்துப் பெண், நர்ஸுக்குப் படிக்கிறவள். நின்றது போதுமென்று அவள் வெட்டுக்கத்தியைக் கையில் எடுத்திருந்தாள்.

வேரோடு பிடுங்கு, பிறகு துண்டு துண்டாக வெட்டு. சொல்லிக்கொடுத்தவன் மூக்கன்தான்.

ஓடிப்போய்க் கத்தியைப் பிடுங்கலாமென்றால் இடுப்பில் நான்கு காய்கள். கத்தி அவள் தலைக்கு மேலே போனது.

"வெட்டாத சங்கவி! அதுல அவுட்டுக்காய் கெடக்குது. நான்தான் வச்சேன்!"

கத்தி அப்படியே நின்றது. சங்கவி குவியல்மேலிருந்த காலை மெல்ல எடுத்துப் பின்னால் வைத்தாள்.

மூக்கன் பாறையின்மேல் துண்டை விரித்தான். நான்கு உருண்டைகளையும் பார்த்ததும் எல்லோரும் பின்வாங்கினார்கள். பாரதி அவனை நிமிர்ந்து பார்த்தாள். எந்தப் பார்வைக்குப் பயந்தானோ அதே பார்வை. ஆனாலும் மூக்கனுக்கு நெஞ்சில் அடைத்திருந்தது இறங்கியது. யார் பெற்ற பெண்ணோ, பிழைத்துக்கொண்டாள். இனி என்ன வந்தாலும் வரட்டும்.

"எந்தப் பொதருல?" என்றாள் பாரதி. அண்ணா என்று சொல்லவில்லை.

"பாறைக்குக் கீழ இருந்தது. காஞ்சது."

அவள் குவியலைப் பார்த்தாள். பிறகு குழியைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப்போனது.

"அது இதுல இல்லண்ணா. காஞ்சத மொதல்லயே தனியா கட்டிட்டோம். எங்களுக்குச் சோறாக்க வெறகு இல்லன்னு அண்ணிதான் வந்து தூக்கிக்கினு போனாங்க."

அவள் முடிப்பதற்குள் மூக்கன் ஓட ஆரம்பித்திருந்தான். பச்சைத் தொப்பி பின்னால் எங்கேயோ விழுந்தது.

கீழே, அவன் வீட்டுக் கூரையின்மேல் புகை எழும்பிக்கொண்டிருந்தது.