தொண்ணூற்றெட்டு சதவீதம்

அறையில் இருந்தவர்கள் மூவர். ஜன்னலோரம் மேலாளர், அவருக்கு எதிரே அவர் மனைவியின் தம்பி, மேஜையின் கோடியில் மடிக்கணினியோடு எல்லோரும் டெஸ்டிங் மேடம் என்று கூப்பிடும் பெண். நடுவே, விளக்குக்கு நேர் கீழே, குற்றவாளி.

குற்றவாளி, நகத்தளவு சிப். லிஃப்டை ஓட்டும் போர்டில் உட்கார்ந்திருந்தது. மேலாளரின் கம்பெனி எதைச் செய்தாலும் இதே சிப்பைத்தான் போடும்.

அதற்கு புரோகிராம் எழுதியவர் தம்பி. சிப்பின் வேலைப்பளு அறுபது சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் வாங்குவோம் என்று லிஃப்ட்காரர்கள் எழுதிவிட்டார்கள். ஐந்து மணிக்குள் இறங்காவிட்டால் தம்பிக்கு வேலை இல்லை என்று மேலாளரும் சொல்லிவிட்டார்.

அளப்பது மேடத்தின் ட்ரேஸ் கருவி. ஒரு வயரைச் சொருகினால் போதும். சிப்பைத் தொந்தரவு செய்யாமல், அது நொடிக்கு நொடி என்ன செய்கிறது என்று சொல்லிவிடும்.

திரையில் தெரிவதை மேலாளர் நம்புவதில்லை. ஒவ்வொரு நொடியின் அளவும் ஒரு வரியாக அச்சாக வேண்டும், பக்கத்துக்குப் பக்கம் அவர் கையெழுத்துப் போட வேண்டும். அதற்காகக் கம்பெனியே செய்த பிரிண்டர் ஒன்று, இன்னும் மூடி போடாதது, போர்டை ஒட்டிக் காலையிலிருந்து கரகரத்துக்கொண்டிருந்தது.

முதல் அளவு தொண்ணூற்றெட்டு. தம்பி புரோகிராமிலிருந்து மணியோசையை நீக்கினார். அசையவில்லை. மாடி எண்ணை நீக்கினார். ஊஹூம். மனதைக் கல்லாக்கிக்கொண்டு கதவையே நீக்கினார்.

"கதவில்லாத லிஃப்ட்ல உங்க அக்காவ ஏத்தி விடவா?" என்றார் மேலாளர்.

மூன்று மணிக்குத் தாள் தீர்ந்தது. அந்த நேரம் பார்த்துத் திரையில் மூன்று சதவீதம் என்று வந்தது. தம்பிக்குப் போன உயிர் திரும்பியது. காகிதத்தில் வரட்டும் என்றார் மேலாளர். ஓடிப்போய்த் தாள் கொண்டுவந்து வைத்தார்கள். அச்சான முதல் வரியே தொண்ணூற்றெட்டு.

நாலரைக்குத் தம்பி புரோகிராம் முழுவதையும் அழித்தார். தொண்ணூற்றெட்டு.

"ஒரு வரிகூட எழுதாமலே சிப்ப இந்தப் பாடு படுத்துறியே மாப்ள. இதுக்கும் ஒரு திறமை வேணும்."

"அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க அத்தான்." ஆபீசில் அவரை 'சார்' என்று கூப்பிடத் தம்பி மறந்தது அன்றுதான் முதல் தடவை.

லிஃப்ட்காரர்களுக்குக் கடிதம் தயாரானது. புரோகிராம் எழுதியவர் இன்றோடு நீக்கப்பட்டார் என்பது முதல் பத்தி. அவருடைய அக்கா கணவன் என்ற முறையில் வருந்துகிறேன் என்பது இரண்டாவது. மேலாளர் உறையின் வாயில் இரண்டு முறை பசை தடவி, ஸ்கேலால் அழுத்தி, வாசலில் காத்திருந்த கூரியர்காரரிடம் கொடுத்தார்.

வண்டி கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. தம்பி போர்டைக் கழற்றிப் பெட்டியில் வைத்து மூடினார். பிரிண்டர் அடுத்த வரியை அடித்தது: தொண்ணூற்றெட்டு.

மேடம் எழுந்தார். தன் கருவியின் வயரை விரலால் தடவிக்கொண்டே போய், அது முடிந்த இடத்தில் நின்றார்.

"சார், காலையிலேர்ந்து நாம அளந்தது பிரிண்டர."