விரிசல்மேல் ஒட்டிய கண்ணாடி

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து தேவானந்தம் வீடு திரும்பியபோது, படுக்கையறைத் தூணில் ஒட்டியிருந்த கண்ணாடித் துண்டு உடைந்திருந்தது.



அஸ்தினாபுரத்தில் அந்த எட்டு வீட்டு அடுக்ககத்துக்கு முப்பது வயது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட ஏழு வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டாயிற்று. மூன்றாவது மாடி தேவானந்தம் மட்டும் மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார். காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவரிடம் வந்து, கட்டடம் விழப்போகிறது என்று பூச்சாண்டி காட்டினால் நடக்குமா?

அசோசியேஷன் செயலாளர் சிட்டிபாபு ஒரு என்ஜினியரை வேறு கூட்டி வந்தார். சக்திவேல் என்று பெயர். சின்னச் சுத்தியலால் தூணைத் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டார், தூண் ஏதோ பதில் சொல்லப்போவதுபோல. கடைசியில் விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை வைத்து சிமெண்டால் ஒட்டினார். விரிசல் மேலும் விரிந்தால் கண்ணாடி உடையும். உடைந்தால் கட்டடம் அசைகிறது என்று அர்த்தமாம்.

உடைந்தால் அன்றைக்கே கையெழுத்துப் போடுகிறேன் என்று தேவானந்தம் எல்லார் முன்னாலும் சவால் விட்டார்.

உடையாது என்று அவருக்குத் தெரியும். அது மேல்பூச்சில் விழுந்த வெறும் கீறல். லிஃப்டுக்கு ஆசைப்பட்டு நல்ல கட்டடத்தை இடிக்கப் பார்க்கிற சோம்பேறிக் கூட்டம்! எழுபது தாண்டிய அவர் காய்கறிப் பையோடு மூச்சு வாங்காமல் மூன்று மாடி ஏறவில்லையா? இதைத் தினமும் காலைக் காபியோடு மனைவி யூனிஸிடமும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தூணருகே குனிந்தார்.

விரிசல் விரிந்திருந்தால் அதே வழியாக ஒரே கோடாக அல்லவா பிளந்திருக்க வேண்டும்? இது நடுவில் நொறுங்கி நாலாபக்கமும் தெறித்திருந்தது. யாரோ ஓங்கி அடித்திருக்கிறார்கள்.

தேவானந்தத்துக்குச் சிரிப்பு வந்தது. திருட்டு வேலையைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியாத ஜென்மங்கள்! அவர் சர்ச்சில் இருந்த நேரம் பார்த்து சிட்டிபாபு வந்திருக்க வேண்டும். எட்டு வீடும் கேட்க அந்தச் சிட்டிபாபுவின் மானத்தை வாங்குகிறேன் என்று கத்திக்கொண்டே வாசலுக்குத் திரும்பினார்.

கட்டிலில் உட்கார்ந்து முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த யூனிஸ் தலை நிமிராமலே சொன்னாள்.

"அவரு வரவே இல்லங்க. நான்தான் பூரிக்கட்டையால அடிச்சேன். புதுசா கட்டினா லிஃப்ட் வைப்பாங்கல்ல?"

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. படி இறங்க என்ன அப்படியொரு கஷ்டம் என்று கேட்க வாயைத் திறந்தார்.

இவள் கடைசியாகப் படியிறங்கிச் சர்ச்சுக்கு வந்தது போன ஈஸ்டருக்கா, அதற்கு முந்தின ஈஸ்டருக்கா? நினைவுக்கு வரவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது.

தூணில் ஒட்டியிருந்த மிச்சக் கண்ணாடியை ஒரு சில்லுகூட விடாமல் சுரண்டி எடுத்துக் குப்பையில் போட்டார். பார்த்தாலும் அந்தச் சக்திவேலுக்கு ஒன்றும் புரியப்போவதில்லை. இருந்தாலும் எதற்கு வம்பு.

பிறகு பால்கனிக்குப் போய்க் கீழே பார்த்துக் கத்தினார்.

"யோவ் சிட்டிபாபு, நீ சொன்னது சரிதான்யா, பில்டிங் அசையுது. பேப்பரை எடுத்துட்டு மேல வா."