கேசட்காரி

“முகம் மட்டும் பளிச்சுனு தெரிஞ்சாப் போதும் தம்பி. மத்தது எப்படி இருந்தாலும் பரவாயில்ல.”

டிவி மெக்கானிக்கிடம் புருஷன் சொன்னது, சமையலறையில் காபி ஆற்றிக்கொண்டிருந்தவளின் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல விழுந்தது. யார் முகம் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? எல்லாம் அந்தக் கேசட்காரி முகம்தான்.

பரணிலிருந்து பழைய வீடியோ டெக்கை இறக்கித் தன் கல்யாண கேசட்டைப் போட்டுப் பார்த்ததிலிருந்து மனுஷனுக்குச் சோறு தண்ணி மறந்துவிட்டது. புதுசாக வாங்கிய பெரிய டிவியில் படம் புகை மூட்டமாகத்தான் வந்தது. அந்தப் புகைக்குள்ளேயே கல்யாணப் பெண்ணைத் தேடித் தேடி, நிறுத்தி நிறுத்தி ரசித்தார்.

போன வாரம் இவள் தலைவலி என்று சுருண்டு படுத்தபோது, “மாத்திரை போட்டுக்க” என்றார். அதையும் டிவியைப் பார்த்துத்தான் சொன்னார். வயிறு எரியுமா, எரியாதா?

ஒரே ஓர் ஆறுதல் இருந்தது. அகல டிவியில் அந்தக் காலத்துப் படம் இரண்டு பக்கமும் இழுபட்டு, கேசட்காரி பூசணிக்காய் மாதிரி தெரிந்தாள். இடுப்பளவில் இவளும் அவளும் ஏறக்குறைய ஒன்று. அதைப் பார்க்கும்போது மட்டும் இவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும்.

காபியைக் கொடுத்துவிட்டு சோபாவில் உட்கார்ந்தாள். மெக்கானிக் டெக்கைத் திறந்து, டேப் உரசிப் போகும் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட துணியால் பதமாகத் துடைத்தார். மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்களை ஒரு சின்னப் பெட்டியில் செருகி, அந்தப் பெட்டியை டிவியோடு இணைத்தார். டெக்கில் இருந்த குமிழைத் திருகியதும் படத்தின் அடியில் நெளிந்த கோடுகள் ஒழிந்தன.

“ரிமோட்டைக் கொடுங்கம்மா. ஷார்ப்னஸைக் குறைச்சா இந்தப் புள்ளியெல்லாம் அடங்கிடும். படம் வேற இழுத்துக்கிட்டு நிக்குது, அதைப் பழைய அளவுக்கு மாத்தணும்.”

“ரிமோட்டா? காலையிலேருந்து காணோமே!” என்றபடி சற்று நகர்ந்து உட்கார்ந்தாள். டிவியின் சத்தம் தானாகக் கூடியது.

“எந்திரிடி!” என்றார் புருஷன்.

மெக்கானிக் ரிமோட்டை வாங்கி நாலைந்து பொத்தானை அழுத்தினார். இரண்டு ஓரமும் கறுப்பாகி, நடுவில் படம் ஒடுங்கியது. கேசட்காரிக்கு இடுப்பே இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது! புதுச் செருப்பு கடிக்கிற வலியை மறைத்துக்கொண்டு மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்தாள். திரையில் மாப்பிள்ளை சொக்கிப்போய் நின்றார். சோபாவில் இருந்த புருஷனுக்கும் அதே கதைதான்.

“அடேங்கப்பா! அந்தச் சிரிப்பைப் பார்த்தீங்களா தம்பி?” அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

இவளுக்குத் தாங்கவில்லை. “ஏங்க, பக்கத்துலயே ஒருத்தி குத்துக்கல்லாட்டம் இருக்கேனே, என் முகத்தைப் பார்த்து என்னிக்காவது இப்படி உருகியிருக்கீங்களா?”

“நல்லா இருக்கறப்ப நடுவுல பேசாதே. எதிர்வீட்டுக்காரருக்கு இதைக் காட்டணும், இரு கூட்டிட்டு வரேன்.” விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்.

அவள் எழுந்து திரைக்கு அருகில் போனாள். கன்னத்துக் குழிகூடத் தெரிந்தது. மூட்டு வலியையும் நரையையும் வைத்துக்கொண்டு இந்தச் சிறுக்கியோடு எங்கே போட்டி போடுவது? இனி அவர் கண் தன் பக்கம் திரும்பாது என்று நினைத்ததுமே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போயும் போயும் இவளிடமா தோற்க வேண்டும்?

மெக்கானிக்குக்குச் சங்கடமாகிவிட்டது. ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டுக்கொண்டே, குரலைத் தாழ்த்தி ஆறுதல் சொன்னார்.

“மனசை விட்டுடாதீங்கம்மா. என்ன இருந்தாலும் முதல் சம்சாரம்... சாரால அவ்வளவு லேசுல மறக்க முடியாதுல்ல? இவங்க தவறிப்போய் எத்தனை வருஷம் ஆச்சு?”

அவள் திரும்பி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நான் இன்னும் சாகல தம்பி!”