அடக்கி வைத்தது

டாக்டர் இரண்டு விரலால் பூனை குண்டனின் அடிவயிற்றை அழுத்தினார். அது அலறிய அலறலில் அவள் குனிந்து அதன் தலையை அணைத்துக்கொண்டாள்.

"கல்லு மாதிரி இருக்கும்மா. எத்தனை நாளா மூத்திரம் போகல?"

அவளுக்குத் தெரியவில்லை. முந்தாநாள் முழுக்க மண் தட்டில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. மலச்சிக்கல் என்று நினைத்தாள். நேற்று குளியலறைக் கால்மிதியில் இரண்டு சொட்டு விட்டிருந்தது. திமிர் என்று முதுகில் ஒன்று வைத்தாள்.

அந்த அடியை டாக்டரிடம் சொல்லவில்லை.

மயக்க ஊசி போட்டு, நூல் போன்ற குழாய் ஒன்றைச் செலுத்தினார்கள். சிவப்பாக வந்தது. அரைக் குவளை நிறைந்தும் நிற்கவில்லை. இத்தனையையும் அந்த உடம்பு எங்கேதான் வைத்திருந்ததோ. அவள் வாய்விட்டு அழுதாள்.

ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டிருந்தது. மூன்று நாள் இங்கேயே இருக்கட்டும், தேறுமா என்று அப்புறம்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர்.

ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்டாள்.

ஆண் பூனைக்கு மூத்திர வழி குறுகல். உலர்ந்த தீனி. குடிக்கும் தண்ணீரும் போதவில்லை. தட்டில் மண்ணை எப்போது மாற்றுவீர்கள் என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை என்றாள். மற்ற நாளெல்லாம் விடிந்ததும் வேலைக்குப் போனால் இருட்டித்தான் வீடு திரும்புவாள்.

தட்டு அழுக்காக இருந்தால் சில பூனைகள் அதில் இறங்காது, அடக்கிக்கொண்டே கிடக்கும் என்றார். அடக்க அடக்க உள்ளே பொடிமணல் மாதிரி சேர்ந்து வழியை அடைத்துக்கொள்ளும்.

"எத்தனை நாள் அடக்கிக்கிட்டுக் கெடந்தானோ டாக்டர்! வாயில்லா ஜீவன். வாயைத் தொறந்து கேக்கவா தெரியும் அவனுக்கு?"

டாக்டர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். மூன்று இடத்தில் தண்ணீர். இரண்டு தட்டு, இருவேளையும் சுத்தம். ஈரத் தீனி. போகிற இடத்துக்கு எந்த நேரமும் தடையில்லாமல் போகவிட வேண்டும்.

அவள் இரண்டு தடவை படித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டாள். மயக்கத்தில் கிடந்த குண்டனின் காதோரம் தடவி, இனிமேல் உன்னைத் தவிக்க விடமாட்டேன்டா என்றாள். கூண்டுக் கதவைச் சாத்த அவளுக்கு மனசே வரவில்லை.

தையல் ஆலைக்குள் நுழையும்போது மணி பத்தைத் தாண்டியிருந்தது. மேற்பார்வை மேசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நூற்றிருபது பெண்கள் தைக்கும் அந்தக் கூடத்தில் கழிப்பறைக்குப் போக இரண்டே அனுமதி அட்டைகள். இரண்டையும் எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

மூன்றாவது வரிசையில் காலர் தைக்கும் பெண் எழுந்து வந்தாள்.

"அக்கா, அவசரம்க்கா. ரெண்டே நிமிஷம்."

அவள் நோட்டைப் புரட்டினாள். அந்தப் பெண்ணின் எண்ணுக்கு நேராகக் அவள் வருமுன் காலையில் போட்ட கோடு ஒன்று இருந்தது.

"காலையிலதானே போயிட்டு வந்தே? சாப்பாட்டு மணி அடிக்கட்டும், போ."

அந்தப் பெண் திரும்பி நடந்தாள். தொடைகளை நெருக்கிக்கொண்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். மூடி திறக்காத தண்ணீர் பாட்டிலைக் காலால் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டு, அடுத்த காலரை எடுத்தாள்.