வராத வாக்கியம்

“இந்த ஒரு வாக்கியத்தைச் சரியாச் சொல்லிட்டா பயிற்சி முடிஞ்சுதும்மா. அப்புறம் நான் கூப்பிட வேண்டியதில்ல,” என்றாள் போனில் ஆங்கிலம் சொல்லித்தரும் பெண். அன்று அதுவரை அந்த வீட்டில் கேட்ட ஒரே குரல் அது.

“ஐ வில் பேக் கால் யூ,” என்றாள் அறுபதைத் தாண்டிய மாணவி.

“ஐயோ, கால் யூ பேக்! திரும்பக் கூப்பிடுவேன்னு அர்த்தம். எத்தனை தடவைம்மா சொல்றது?”

“மண்டையில ஏறலையே! நாளைக்கும் சொல்லித் தர்றியா?”

“வேற வழி?”

அதற்குள் மாடியில் குடியிருப்பவள் வாசலில் வந்து நின்றாள்.

“மிஸ், எனக்கு வெளியூர்ல வேலை கிடைச்சிருச்சு! காலேஜ்ல நீங்க நடத்தின இங்கிலீஷ்தான் கைகொடுத்துச்சு!”

மாணவி பதறிப்போய்ப் போனைப் பொத்தினாள். வந்தவளை வாழ்த்தி அனுப்பிவிட்டு, மெதுவாகக் காதில் வைத்தாள்.

“லைன்ல இருக்கியாம்மா? ஏதாவது கேட்டுச்சா?”

“ஒண்ணும் கேக்கல, மிஸ். நாளைக்கும் அதே வாக்கியம்தான்.”